மூன்று நிமிட மௌனத்தை எழுதியவள்

அரங்கத்தின் வரவேற்புக் கூடத்தில் ஆறடி உயரத்துக்கு ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். ‘ஏழாம் நம்பர் கட்டில்: ஒரு நாடகத்தின் மேடைப் பயணம்’ என்று தலைப்பு. கடல் கடந்த ஒரு நாட்டில் ஒரு அம்மாள் எழுதிய நாடகம் அது. அங்கே முதல் காட்சியன்று இரண்டாம் அங்கத்தின் நடுவிலேயே பாதிப் பேர் எழுந்து போனார்கள், ஒரு நகரசபை அரங்கம் தர மறுத்தது, இன்னொரு ஊரில் போலீஸ் காவலோடு நடந்தது, பிறகு எட்டு மொழிகளுக்குப் போனது, நம் மொழிக்கு வந்து இந்த வருடத்தோடு இருபத்தைந்து வருடம் ஆகிறது என்றெல்லாம் வருட வாரியாக எழுதியிருந்தது. எல்லோரும் கிசுகிசு என்று கூப்பிடும் உடுப்பறைக்காரி கையில் இஸ்திரி போட்ட உடுப்புகளோடு நின்று அதை வரி விடாமல் படித்தாள். கடைசிப் பத்திக்கு வந்ததும் அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

‘நாடகாசிரியரின் புகழ்பெற்ற மூன்று நிமிட மௌனம்’ என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு பழைய புகைப்படம். வெள்ளை விரிப்பை மடித்தபடி தலை குனிந்து நிற்கிறாள் ஒரு பெண். ‘மௌனத்தை நம் மேடையில் முதன்முதலில் நடித்தவர்’ என்று அவளுக்கு ஒரு வரி கொடுத்திருந்தார்கள். அந்தப் பெண் கிசுகிசுவின் கூடப் பிறந்த அக்கா. வாயைத் திறந்ததற்காக வாழ்க்கையைத் தொலைத்த ஒருத்தியை ஊமையாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்களே என்று கிசுகிசுவுக்கு வயிறு எரிந்தது. மூன்று நிமிடம் ஒருத்தி சும்மா துணி மடித்தால் கொட்டாவி விடுவார்களே ஒழிய, போலீஸ் காவல் கேட்கும் அளவுக்கு எவனாவது கலாட்டா செய்வானா? பலகை எழுதியவருக்கு அந்த அளவுக்காவது யோசனை போயிருக்க வேண்டாமா?

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத் திரைக்குப் பின்னால் முக்காலி போட்டு, மடியில் நாடகப் பிரதியை வைத்துக்கொண்டு, நடிகர்கள் வசனத்தை மறந்து விழிக்கும்போது மெல்லிய குரலில் எடுத்துக்கொடுப்பது அவள் வேலை. அதனால் வந்த பெயர்தான் கிசுகிசு. ஊர் வம்பு ஒரு வார்த்தை பேசியறியாத ஒருத்திக்கு இப்படி ஒரு பெயர். இருபத்திரண்டு வயதில் அந்த முக்காலியில் உட்கார்ந்தவள், இப்போது நாற்பத்தேழு. பகலில் உடுப்பு அறையில் இஸ்திரி, பொத்தான், கொக்கி. மாலையில் முக்காலி. எடுத்துக்கொடுப்பதில் ஒரு கணக்கு உண்டு. முழு வரியையும் சொல்லக் கூடாது, நடிகர் குழம்பிவிடுவார். முதல் இரண்டு வார்த்தை போதும், மீதி தானாக வரும். சத்தம் நடிகருக்குக் கேட்க வேண்டும், முதல் வரிசைக்குக் கேட்கக் கூடாது. இத்தனை வருடத்தில் அவள் குரலைக் கேட்டதாகப் பார்வையாளர் ஒருவர்கூடச் சொன்னதில்லை, அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நாடகத்தின் கதை சிக்கலானது இல்லை. ஆதரவற்ற பெண்களுக்கான ஒரு விடுதி. ஏழாம் நம்பர் கட்டிலில் இருந்த பெண் செத்துப்போகிறாள். விடுதிக் கமிட்டிக்காரர்கள் விசாரிக்க வருகிறார்கள். யாருக்காவது ஏதாவது தெரியுமா என்று பேருக்குக் கேட்கிறார்கள். அப்போது மூலையில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்த சலவைக்காரி பேச ஆரம்பிக்கிறாள்.

“ஏழாம் நம்பர் விரிப்ப தொவச்சவ நான்தான். திங்கக்கெழம ஒரு கறை வரும். வெள்ளிக்கெழம ஒரு கறை வரும். கமிட்டி கூடுறது எந்தெந்தக் கெழமைன்னு ஐயாமாருங்களே சொல்லுங்க.”

இப்படிப் போகும் இரண்டு பக்கம். கடைசியில் அவள் மேடை விளிம்புக்கு வந்து, பார்வையாளர்களின் முதல் வரிசையைப் பார்த்து, “நீங்களும் நல்ல வெள்ளையாத்தான் உடுத்திட்டு வந்திருக்கீங்க. அதையும் ஒருத்தி தொவச்சுத்தான் குடுத்திருக்கா. உங்களப் பத்தி அவளக் கேக்கணும்” என்பாள்.

இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு அந்தப் பேச்சைப் பேசியது அக்கா. பகலில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் அலுவலகத்தில் டைப் அடிக்கிற குமாஸ்தா அவள். பள்ளி ஊழியர் ஒருத்தி நடிக்கிறாள் என்று மரியாதைக்கு அழைத்ததில் பள்ளிக்கும் அதன் பெண்கள் விடுதிக்கும் செயலாளராக இருந்தவர் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். நன்கொடை, பொன்னாடை, மைக் என்றால் முதல் ஆளாக நிற்கிற மனிதர். அக்கா விளிம்புக்கு வந்து விரலை நீட்டியதும் அவர் எழுந்தார். “திரையப் போடு” என்று கத்தினார். அவர் கத்தியதும் அவருக்குப் பின்னால் நாலு வரிசை கத்தியது. மேடைக்கு ஒரு செருப்பு வந்தது. திரையைப் போட்டார்கள். மறுநாள் காலை அக்கா வேலைக்குப் போனபோது அவள் மேஜையில் ஒரு கடிதம் இருந்தது. காரணம், ஒழுக்கக் கேடு.

நாடகத்தைத் திரும்பப் போட, நாடகங்களைப் படித்துப் பார்த்து அனுமதி தரும் அரசு அலுவலகத்துக்குப் பிரதியோடு எழுதினார்கள். பிரதி மூன்று வாரம் கழித்து வந்தது. பேச்சு இருந்த இரண்டு பக்கத்தின் குறுக்கேயும் சிவப்புப் பென்சில், பக்கத்தில் முத்திரை. அப்போதிருந்த டைரக்டர் நல்லவர்தான், ஆனால் முதுகெலும்பு என்ற ஒன்றை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர். பேச்சு வேண்டாம், அவள் பாட்டுக்கு விரிப்பை மடிக்கட்டும், அடுத்த காட்சிக்குப் போய்விடலாம் என்றார். விளக்குக்காரர் எவ்வளவு நேரம் வெளிச்சத்தை வைத்திருக்க வேண்டும் என்று கேட்டார். கிசுகிசு கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிட்டாள். ஒரு பெரிய காகிதத்தில் ‘மௌனம். மூன்று நிமிடம். விரிப்பு மடித்து முடியும் வரை’ என்று குண்டு குண்டாக எழுதி, வெட்டுப்பட்ட இரண்டு பக்கமும் மறையும்படி பசை தடவி ஒட்டினாள். விளக்குக்காரருக்கு எழுதிய குறிப்பு, வேறொன்றும் இல்லை.

ஆறு மாதம் கழித்து வேறு குழுக்கள் பிரதி கேட்டன. டைப்பிஸ்ட் ஒருவரிடம் கிசுகிசுவின் பிரதியைக் கொடுத்துப் பத்துப் படி அடிக்கச் சொன்னார்கள். அந்த மனிதர் கண்ணில் பட்டதை எல்லாம் அப்படியே அடிக்கிற உத்தமர். நாடகாசிரியர் எழுதிய மேடைக் குறிப்புகளை எப்படி அடைப்புக்குள் அடித்தாரோ அப்படியே இதையும் அடித்தார். மொழிபெயர்ப்பாளரின் மற்றப் படிகள் அனுமதி அலுவலகத்தில் போய்த் தூங்கின. மூல மொழி தெரிந்தவர் இங்கே யாரும் இல்லை, எழுதிய அம்மாளும் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். அவ்வளவுதான், மௌனம் அந்த அம்மாளுடையதாகிவிட்டது. விமர்சகர்கள் அதில் சமூகத்தின் மனசாட்சியைக் கண்டார்கள். பேராசிரியர்கள் அதற்கு ஏழு அர்த்தம் சொன்னார்கள். ஒருவர் அதை வைத்தே பட்டம் வாங்கினார். பழைய டைரக்டர் புகழ்ச்சியை எல்லாம் தலையாட்டி வாங்கிக்கொண்டு கண்ணை மூடினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிசுகிசு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். தன் மேல் தனக்கே இருந்த கோபத்தில்தான் மற்றவர்கள் மேல் வந்த கோபமும் கொதித்தது.

அக்கா ஒன்பது காட்சி விரிப்பு மடித்தாள். பத்தாவதுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு வேறு பள்ளிக்கூடம் எதுவும் அவளை எடுக்கவில்லை, ஒழுக்கக் கேடு என்ற வார்த்தை அவளுக்கு முன்னால் போய் நின்றது. வீட்டில் மிஷின் போட்டுச் சீருடை தைக்க ஆரம்பித்தாள்.

பலகையைப் படித்த மறுநாளே கிசுகிசு தன் பழைய பிரதியை எடுத்துக்கொண்டு புது டைரக்டரிடம் போனாள். முப்பத்தாறு வயது, வேர்த்து ஒழுகினாலும் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு அலைகிற ஆள். இரவெல்லாம் ஈரத் துணி வைத்து ஊறவிட்டு, ஒட்டிய காகிதத்தைக் கிழியாமல் உரித்து வைத்திருந்தாள். அடியில் பேச்சு, சிவப்புக் கோடு, முத்திரை எல்லாம் பளிச்சென்று இருந்தன. அவர் இரண்டு பக்கத்தையும் படித்தார்.

“இது ஆரம்பத்துல எழுதுன வரைவா இருக்கும்மா. அவங்களே பின்னாடி வெட்டியிருப்பாங்க.”

“வெட்டுனது அனுமதி ஆபீஸ் சார். முத்திரையப் பாருங்க. மௌனம்னு எழுதி ஒட்டுனது நான். என் கையெழுத்துதான் அது.”

“அவ்வளவு வருஷம் ஆச்சு, உங்களுக்கு ஞாபகம் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கலாம்.”

“எனக்கு ஞாபகம் முன்னப்பின்ன இருந்தா உங்க நடிகருங்க எல்லாம் வாயில ஈ போறது தெரியாம நிப்பாங்க சார்.”

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் குரலைத் தணித்தார். “சரி, நீங்க சொல்றதே நெசம்னு வெச்சுக்குவோம். இப்ப என்ன பண்ண முடியும்? அந்த மௌனம்தான் இந்த நாடகத்தோட உயிருன்னு நாப்பது கட்டுரை வந்தாச்சு. விழா முடிஞ்சதும் பிரதி அச்சுக்குப் போகுது. முகவுரையே மௌனத்தப் பத்திதான். விடுங்கம்மா.”

விடுங்கம்மா. எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டான். அச்சில் ஏறிவிட்டால் முடிந்தது கதை. நாளைக்கு எந்தப் பிள்ளை அந்தப் புத்தகத்தை எடுத்தாலும் சலவைக்காரி வாய் திறக்க மாட்டாள், அக்காவும் காலத்துக்கும் தலை குனிந்து துணி மடித்துக்கொண்டே இருப்பாள். ஞாயிறு மதியக் காட்சியோடு விழா முடிகிறது. நடுவில் மூன்று நாள் இருந்தது.

வியாழக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனாள். முன்னறை முழுக்க நீலத் துணி. அக்கா மிஷினில் காலர் ஓட்டிக்கொண்டிருந்தாள். முட்டி வலிக்கு ஒரு காலை நீட்டி வைத்திருந்தாள். கிசுகிசு உட்காராமலேயே சொன்னாள்.

“அக்கா, அந்த மௌனத்த எழுதுனது அந்த அம்மாவும் இல்ல, நம்ம டைரக்டரும் இல்ல. நான்தான். விளக்குக்காரருக்கு எழுதி ஒட்டுனேன். அத டைப்பிஸ்ட் அப்படியே அடிச்சுட்டாரு.”

மிஷின் நின்றது.

“உனக்கு இது எப்ப தெரியும்?”

“மொத படி டைப் அடிச்சு வந்த அன்னைக்கே.”

“அப்ப ஏன்டி வாயத் தொறக்கல?”

பொய் சொல்ல ஆயிரம் காரணம் இருந்தது. கிசுகிசு உண்மையைச் சொன்னாள். “வேல போயிடும்னு பயந்தேன்.”

“எனக்குப் போச்சே” என்றாள் அக்கா.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. காலரைத் திருப்பி, நூலைப் பல்லால் கடித்து, வேறொரு காலரை எடுத்தாள். “அந்தப் பேச்ச ராத்திரி படுத்தா இன்னும் சொல்லிப் பாக்குறேன், தெரியுமா உனக்கு? ஒரு வார்த்த மறக்கல. எல்லாரும் என்ன ஊமச்சின்னு கொண்டாடுறதுக்குக் காரணம் என் தங்கச்சி. நல்லா இருடி.” பிறகு கத்திரிக்கோலைத் தூர நகர்த்தி வைத்தாள். “இங்க நிக்காத. கையில கெடச்சத எடுத்து எறிஞ்சிடுவேன். ஞாயித்துக்கெழமைக்கு ஒரு டிக்கெட்ட வெச்சிட்டுப் போ.”

ஞாயிறு மதியம் அரங்கம் நிரம்பியிருந்தது. முதல் வரிசையில் தலைமை விருந்தினர். யார் என்று கிசுகிசு எட்டிப் பார்த்தாள். அதே செயலாளர். தலை நரைத்து, தொப்பை இறங்கி, இப்போது நாலைந்து கல்வி நிறுவனங்களுக்குத் தலைவர். நாடக விழாவுக்குப் புரவலரும் அவர்தான் என்று மேடையில் சொன்னபோது கைதட்டினார்கள். கடைசி வரிசையில், கால் நீட்ட இடம் இருக்கும் ஓர ஆசனத்தில், அக்கா இருந்தாள்.

இரண்டாம் அங்கம் வந்தது. யாருக்காவது ஏதாவது தெரியுமா என்று கமிட்டிக்காரர் கேட்டார். சலவைக்காரி வேஷம் போட்ட பெண் விரிப்பை எடுத்து உதறினாள். நல்ல பெண், இருபத்து நாலு வயது, ஒத்திகையில் நாலு தடவை தடுமாறி நாலு தடவையும் கிசுகிசுவின் குரலைப் பிடித்துக் கரையேறியவள். வெளிச்சம் அவள் மேல் குவிந்தது. மௌனம் தொடங்கியது.

கிசுகிசு பழைய பிரதியை மடியில் விரித்து, “ஏழாம் நம்பர் விரிப்ப” என்றாள்.

அந்தப் பெண்ணின் கை நின்றது. பக்கத் திரைப் பக்கம் கண் திரும்பியது. இங்கே வசனமே இல்லையே என்று அவளுக்குத் தெரியும். ஆனால் மேடையில் நிற்கிறவளுக்கு எடுத்துக்கொடுக்கிறவளின் குரல் வந்தால், தான்தான் எதையோ விட்டுவிட்டோம் என்றுதான் தோன்றும். யோசிக்க நேரம் இருக்காது, வாய் முந்திக்கொள்ளும். கிசுகிசு அதை நம்பித்தான் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை முழு வரியையும் சொன்னாள். அந்தப் பெண் வாங்கிச் சொன்னாள். அடுத்த வரி. அதையும் வாங்கினாள். நாலாவது வரியில் அந்தப் பெண்ணுக்கு என்ன பேசுகிறோம் என்பது புரிந்துவிட்டது. குரல் மாறியது. கமிட்டிக்காரர்களாக நடித்தவர்கள் நிஜமாகவே திகைத்து நின்றார்கள், அவர்கள் அத்தனை நன்றாக அதுவரை நடித்ததே இல்லை. புது டைரக்டர் ஓடி வந்து, “நிறுத்துங்கம்மா, நிறுத்துங்க” என்று பிரதியில் கை வைத்தார். கிசுகிசு அவர் கையைத் தட்டிவிட்டாள். எடுத்துக்கொடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை. பேச்சு கடைசி வரிக்கு வந்தது. சலவைக்காரி மேடை விளிம்புக்கு நடந்து முதல் வரிசையை நோக்கி விரலை நீட்டினாள்.

தலைமை விருந்தினர் எழுந்தார்.

அவர் கைதட்டினார். அவர் தட்டியதும் அவருக்குப் பின்னால் நாலு வரிசை எழுந்து தட்டியது. பிறகு அரங்கமே எழுந்து தட்டியது. செருப்பு வந்திருந்தால் கிசுகிசு குனிந்து எடுத்து வைத்துக்கொண்டிருப்பாள். கைதட்டலை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அடப்பாவிகளா, உங்களைத்தானடா சொல்கிறாள் என்று வாய்விட்டே சொன்னாள், அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

நாடகம் முடிந்ததும் ஒப்பனை அறையில் கூட்டம் நெரிந்தது. தலைமை விருந்தினர் கையில் பூங்கொத்தோடு வந்தார். புது டைரக்டர் அதற்குள் வேறு ஆளாக மாறியிருந்தார். “மறைஞ்சு போன ஒரு பேச்சு சார், தேடிக் கண்டுபிடிச்சோம். இன்னைக்கு ஒரு சோதனை முயற்சியா வெச்சோம். புத்தகத்துலயும் சேக்கறோம்” என்றார், முகத்தில் கூச்சமே இல்லாமல். சரி, போகட்டும். பேச்சு அச்சில் ஏறுகிறது. கிசுகிசு பல்லைக் கடித்துக்கொண்டு, ஒப்பனை அறை வாசலுக்கு வந்துவிட்ட அக்காவை உள்ளே அழைத்துவந்தாள்.

விருந்தினர் இளம் நடிகையின் தலையில் கை வைத்தார். “கண்ணுல தண்ணி வந்துடுச்சும்மா. நான் இந்த நாடகத்த இங்க மொத காட்சியிலயே பாத்தவன். மொத வரிசை. அன்னைக்கு இந்தப் பேச்சப் பேச விடாம ஜனங்க நிறுத்திட்டாங்க. பக்குவம் பத்தல. என்ன பண்றது?” சுற்றி நின்றவர்கள் ஆமாம் போட்டார்கள். அவர் கண் அக்காவின் மேல் விழுந்தது. “இவங்க யாரு? எங்கயோ பாத்த மாதிரி இருக்கே.”

அக்கா அவரைப் பார்த்தாள். இருபத்தைந்து வருடம் மிஷினில் உட்கார்ந்து இந்த மனிதரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று வரி வரியாகச் சேர்த்து வைத்திருந்தவள். வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை. கண் வரியைத் தேடி மேலே போனது. நாக்கு உதட்டை ஒரு தடவை தடவியது. அந்த முகத்தைக் கிசுகிசு ஆயிரம் தடவை பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறாள். இன்னும் இரண்டு நொடி விட்டால் ஆள் மேடையை விட்டு இறங்கிவிடுவாள். அவள் அக்காவின் தோளுக்குப் பின்னால் போய் நின்றாள்.

“ஜனங்க இல்ல” என்று எடுத்துக்கொடுத்தாள்.

“ஜனங்க இல்ல” என்றாள் அக்கா. “நீங்க. திரையப் போடுன்னு மொதல்ல கத்துனது நீங்க. மறுநாள் என்ன வேலைய விட்டு எடுத்ததும் நீங்க. ஒழுக்கக் கேடுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டீங்க.”

புது டைரக்டர் என்னவோ சொல்ல வந்தார். அக்கா அவர் பக்கமே திரும்பவில்லை.

“அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி உங்க விடுதியில இருந்து ஒரு பொண்ண பாதி வருஷத்துல வீட்டுக்கு அனுப்புனீங்க. உடம்புக்கு முடியலன்னு கடுதாசி. அத டைப் அடிச்சவ நான். அன்னைக்கு மேடையில நின்னு உங்களப் பாத்து நான் விரல நீட்டுனது நாடகத்துக்காகன்னா நெனச்சீங்க? நீங்க அப்படி நெனைக்கல. அதனாலதான் கத்துனீங்க.”

விருந்தினர் பூங்கொத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். இளம் நடிகை தன் தலையில் இன்னும் இருந்த அவர் கையை எடுத்து விலக்கினாள். அக்கா அந்த விடுதிப் பெண்ணின் வயதைச் சொன்னாள், எந்த அறை என்று சொன்னாள், கடிதத்தின் தேதியைச் சொன்னாள். அவர் வாசலைத் தேடினார். வாசலை அடைத்துக்கொண்டு கிசுகிசு நின்றாள்.